ஒருவருக்கு மட்டும் நினைவிருக்கும் காதல்

டெக்சாஸ் மாநிலத்தில் ஒரு மளிகைக் கடை. 18 வயதை நெருங்கும் ஸ்கை என்ற பெண்ணை ஓர் இளைஞன் கண்ணெடுக்காமல் பார்க்கிறான். வெளியே வந்தவளை நிறுத்திப் பெயர் கேட்கிறான். அவள் சொன்ன பெயரில் அவனுக்கு நம்பிக்கை வரவில்லை. அடையாள அட்டையைக் காட்டச் சொல்கிறான். காலீன் ஹூவரின் 'ஹோப்லெஸ்' நாவலில் டீன் ஹோல்டரும் ஸ்கையும் சந்திக்கும் கட்டம் இது. முதல் வாசிப்பில் ஒரு முரட்டுப் பையனின் அத்துமீறலாகவே படும். நாவலின் பாதியைத் தாண்டிய பிறகுதான் அதன் பொருள் விளங்குகிறது. 13 ஆண்டுகளுக்கு முன், பக்கத்து வீட்டிலிருந்து ஹோப் என்ற 5 வயதுச் சிறுமி காணாமல் போனாள். அவளோடு விளையாடிய சிறுவன் ஹோல்டர். அவள் அழுதுகொண்டிருந்தபோது அவளை விட்டுவிட்டு நடந்துபோனோமே என்ற குற்ற உணர்வோடு வளர்ந்தவன். அவன் இப்போது அந்த முகத்தைப் பார்த்துவிட்டான். அவளுக்கோ அவனை நினைவில்லை. தன் பெயர் ஒரு காலத்தில் ஹோப் என்பதுகூட அவளுக்குத் தெரியாது.

முதலில் அவனுக்கு வெறும் சந்தேகம். பிறகு உறுதியாகிறது. உறுதியான பிறகும் சொல்லவில்லை. சொல்லாமலே காதலிக்கிறான், அவளும் காதலிக்கிறாள். சிறுவயதுச் சிநேகிதம் காதலாகத் திரும்பி வரும் கதைகள் உலகெங்கும் உண்டு. இந்த நாவலில் அந்தச் சிநேகிதம் ஒருவர் கையில் மட்டும் இருக்கிறது. ஒருவர் இன்னொருவரின் கடந்த காலத்தையே கைவசம் வைத்துக்கொண்டு அவரோடு பழகினால் அந்த உறவுக்கு என்ன ஆகும்? இந்த வகை நாவல்களின் மையத்தில் இருக்கும் கேள்வி இதுதான் என்று நினைக்கிறேன். அவற்றில் பல இந்தக் கேள்வியை எழுப்பிவிட்டு, விடை சொல்லும் இடத்தில் அவசரப்படுகின்றன.

'ஹோப்லெஸ்' 2012 டிசம்பரில் பதிப்பகத்தின் துணையின்றி, ஆசிரியரே வெளியிட்ட நாவலாக வந்தது. அடுத்த மாதமே நியூயார்க் டைம்ஸ் விற்பனைப் பட்டியலின் உச்சிக்குப் போனது. டெக்சாஸில் சமூகப் பணியாளராக வேலை பார்த்த ஹூவர், அதே ஆண்டு ஜனவரியில்தான் தன் முதல் நாவலான 'ஸ்லாம்ட்' நூலையும் இப்படியே வெளியிட்டிருந்தார். பெரிய பதிப்பகங்கள் அவரைத் தேடி வந்தது அதற்குப் பிறகு. 'நியூ அடல்ட்' என்ற பெயரே அப்போது மிகப் புதிது. செயின்ட் மார்ட்டின்ஸ் பிரஸ் 2009-இல் ஒரு போட்டி அறிவித்து, பதின்பருவத்தினருக்கான நாவலின் வேகத்தோடு, ஆனால் பெரியவர்களுக்கான அலமாரியில் வைக்கக்கூடிய எழுத்தைத் தேடியபோது புழக்கத்துக்கு வந்த பெயர் அது. 18 முதல் 25 வயது வரையிலான மனிதர்கள், முதல் வேலை, கல்லூரி விடுதி, மறைவில்லாத உடலுறவு, ஆறாத பழைய காயம் ஆகியவை அதன் அடையாளங்களாக நிலைத்தன. கதாபாத்திரங்களின் வயதைப் பார்த்தால் 'ஹோப்லெஸ்' பதின்பருவ நாவலுக்கும் இதற்கும் நடுவே உள்ள வரப்பில் நிற்கிறது. அதன் இருட்டு இந்தப் பக்கத்தைச் சேர்ந்தது.

இந்த வயது தனியொரு வாழ்க்கைக் கட்டமானது அண்மைக் காலத்தில்தான். அமெரிக்கப் பெண்களின் முதல் திருமண வயது 1970-இல் சராசரியாக 21-ஐ ஒட்டியிருந்தது. 2012-இல் அது 26-ஐத் தாண்டிவிட்டது. ஆண்களுக்கு 23-லிருந்து 28-க்கு மேல் போனது. பிள்ளைப்பருவம் முடிந்து குடும்பம் தொடங்கும் வரை இப்படி விழுந்த இடைவெளியை 2000-ஆம் ஆண்டு உளவியலாளர் ஜெஃப்ரி ஆர்னெட் தனிப் பருவமாக வகுத்துக் காட்டினார். தான் யார் என்று தேடும் பருவம் அது என்பது அவர் வாதத்தின் ஒரு பகுதி. வேறொரு காரணத்தையும் சேர்த்துக்கொள்ளலாம். பிள்ளையின் காகிதங்களைப் பெற்றோர் கையாள்வது முடிந்து, பிள்ளையே கையாளத் தொடங்கும் வயது 18. பிறப்புச் சான்றிதழ், ஓட்டுநர் உரிமம், கல்லூரி விண்ணப்பம் என்று ஒவ்வொன்றாக வெளியே வரும். வீட்டுக்குள் காத்துவந்த பொய் அதற்கு மேல் தாங்காது. ஸ்கையை வளர்க்கும் கேரன், பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே பாடம் சொல்லிக்கொடுக்கிறாள். இணையம் கிடையாது, கைப்பேசி கிடையாது, தொலைக்காட்சி கிடையாது. ஸ்கை பள்ளி வாசலை மிதித்த ஆண்டிலேயே எல்லாம் அவிழ்கிறது. நாவலாசிரியருக்குச் சமூகப் பணி அனுபவம் கைகொடுத்த இடம் இது என்று எனக்குப் படுகிறது.

பொய் நெருக்கமானவர்களிடமிருந்து வருவது நாவலுக்கான மிகை இல்லை. பெல்லா டிபாலோவும் அவருடைய சகாக்களும் 1996-இல் வெளியிட்ட ஆய்வில் 77 கல்லூரி மாணவர்கள் ஒரு வாரம் தாங்கள் சொன்ன பொய்களைக் குறித்துவைத்தார்கள். நாளொன்றுக்குச் சராசரியாக இரண்டு. பெரும்பாலும் சில்லறைப் பொய்கள், அவையும் நெருங்கியவர்களிடம் குறைவு. ஆறுதலான முடிவுதான். ஆனால் 2004-இல் அதே ஆய்வாளர் குழு, வாழ்க்கையில் சொன்ன மிகக் கனமான பொய்களைப் பற்றிக் கேட்டபோது படம் தலைகீழானது. கனமான பொய்களில் பெரும்பங்கு பெற்றோர், வாழ்க்கைத் துணை, காதலர், உற்ற நண்பர் ஆகியோரிடையே நடந்தவை. நெருங்கியவரிடம் சின்னப் பொய் சொல்ல நமக்கு மனம் வராது. பெரிய பொய்யைச் சொல்வதோ அவர்களிடம்தான், ஏனெனில் இழப்பதற்கு ஏதாவது இருப்பது அவர்களிடம் மட்டுமே. ஹோல்டரின் மௌனமும் கேரனின் 13 ஆண்டுப் புனைவும் இந்த இரண்டாம் வகை.

இனி நினைவு. 5 வயதில் நடந்ததை ஒருத்தி அடியோடு மறக்க முடியுமா? ஸ்கையின் மறதிக்கு நாவல் ஒரு காரணம் சொல்கிறது. காவல்துறையில் இருந்த தந்தை அவளைப் பாலியல் வன்கொடுமைக்கு ஆளாக்கினார். மனம் அந்த வாசலை இழுத்து மூடிக்கொண்டது. அறைக்கூரையில் ஒட்டிய நட்சத்திரங்களை எண்ணும் பழக்கம் மட்டும் தங்கிவிட்டது. இந்த விளக்கம் நாவல்களுக்குப் பழகியது. நினைவு ஆய்வுகள் அதைவிட எளிய இன்னொன்றையும் காட்டுகின்றன. எமரி பல்கலைக்கழகத்தில் பட்ரிஷியா பாவர் 2014-இல் வெளியிட்ட ஆய்வில், 3 வயதில் நடந்த நிகழ்ச்சிகளை 5 முதல் 7 வயதுவரை உள்ள குழந்தைகள் 60 சதவீதத்துக்கும் மேல் நினைவில் வைத்திருந்தார்கள். 8, 9 வயதில் அது 40 சதவீதத்துக்கும் கீழே இறங்கிவிட்டது. குழந்தையின் நினைவு நிற்பது பெரும்பாலும் பேச்சால். 'அன்றைக்குக் கடற்கரையில் செருப்பைத் தொலைத்தாயே' என்று தாய் மறுபடி மறுபடி சொல்லும்போதுதான் அந்த நாள் குழந்தையிடம் தங்குகிறது.

இதை வைத்து நாவலை மீண்டும் படித்தால் ஹோல்டருக்கும் ஸ்கைக்கும் உள்ள வேறுபாடு இன்னும் கூர்மையாகிறது. இருவரும் ஏறக்குறைய ஒரே வயது. அவன் வீட்டில் ஹோப் பற்றிப் பேச்சு நின்றதே இல்லை. இரட்டைச் சகோதரி லெஸ் அதே இழப்பைச் சுமந்தாள். அவள் தற்கொலை செய்துகொண்ட பிறகு இரண்டு பெயர்களையும் சேர்த்து அவன் கையில் பச்சை குத்திக்கொண்டான். நாவலின் தலைப்பே அந்தப் பச்சைதான். ஸ்கையின் வீட்டில் யாரும் எதையும் பேசவில்லை. கேரனின் மௌனம் உண்மையை மறைத்ததோடு நிற்கவில்லை, நினைவுக்குப் போகவேண்டிய தீனியையும் நிறுத்தியது. நெடுநாள் மௌனம் எப்படி ஒரு பொய்யாக முற்றுகிறது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டிய வெகுஜன நாவல்கள் எனக்கு அதிகம் தெரியாது.

அதே சமயம் நாவல் தொடாமல் விட்ட ஆபத்து ஒன்று இருக்கிறது. எலிசபெத் லாஃப்டஸும் ஜாக்குலின் பிக்ரெலும் 1995-இல் வெளியிட்ட ஆய்வில் 24 பேருக்குச் சிறுவயது நிகழ்ச்சிகள் நான்கு கொடுக்கப்பட்டன. மூன்று, அவர்களுடைய குடும்பத்தார் சொன்ன உண்மைகள். நான்காவது, ஏறத்தாழ 5 வயதில் கடைத்தொகுதி ஒன்றில் தொலைந்துபோனதாகக் கட்டிய கதை. கால்வாசிப் பேர் அதையும் பகுதியாகவோ முழுதாகவோ 'நினைவுகூர்ந்தார்கள்'. ஒடுக்கப்பட்ட நினைவுகள் எல்லாம் பொய் என்று இந்த ஆய்வை நீட்டுவது தவறு. ஸ்கைக்கு நடந்த கொடுமையை நாவலுக்குள்ளேயே வேறு இருவரின் வாழ்க்கை உறுதிசெய்கிறது. லெஸுக்கும் ஸ்கையின் தந்தையே அதைச் செய்திருக்கிறார். கேரன் அவருடைய சொந்தத் தங்கை. அவளும் தப்பவில்லை, அதனால்தான் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். ஆனால் நினைவில்லாத ஒருவருக்கு நினைவிருக்கும் ஒருவர் கடந்த காலத்தை எடுத்துக் கொடுக்கும்போது, கொடுப்பவரின் கை அதில் பட்டே தீரும். எதை முதலில் சொல்வது, எதைத் தள்ளிப்போடுவது, எந்த நாளில் சொல்வது என்பதையெல்லாம் ஹோல்டர் தானே முடிவுசெய்கிறான். அவளுடைய வாழ்க்கை வரலாற்றுக்கு அவன் பதிப்பாசிரியர் ஆகிவிடுகிறான்.

பொய்யைப் பற்றி 1978-இல் எழுதிய மெய்யியலாளர் ஸிஸ்ஸெலா பாக், ஒரே பொய் சொல்பவருக்கு ஒரு விதமாகவும் ஏமாந்தவருக்கு வேறு விதமாகவும் தெரியும் என்பதை நூலின் அடித்தளமாக வைத்தார். சொல்பவருக்குத் தன் நல்லெண்ணம் தெரியும், நெருக்கடி தெரியும், வேறு வழியில்லை என்பதும் தெரியும். ஏமாந்தவருக்குத் தெரிவதெல்லாம் ஒன்றுதான்: தான் எடுத்த முடிவுகள் எதுவும் தன்னுடையவை இல்லை. அவருடைய நன்மைக்காகவே சொன்ன பொய்களையும் பாக் தனியாக எடுத்துக்கொண்டு, அவற்றின் மேல் கூடுதல் சந்தேகம் வேண்டும் என்றார். அன்பு என்ற பெயரில் வரும்போது அவற்றை யாரும் சோதிப்பதில்லை.

ஸ்கை ஹோல்டரைக் காதலிக்க முடிவுசெய்தபோது, முன்பின் தெரியாத ஒருவனைக் காதலிக்கிறோம் என்று நினைத்தே முடிவுசெய்தாள். அவனோ ஹோப்பைக் காதலித்தான். அவளுடைய சம்மதம் முழுமையானதா? உடலுறவைப் பற்றி வெளிப்படையாக எழுதும் ஒரு நாவல்வகைக்கு இது விலக்க முடியாத கேள்வி. உண்மை தெரியவந்ததும் ஸ்கை கொதிக்கிறாள், வெளியேறச் சொல்கிறாள். அந்தக் கோபத்தின் பக்கங்களே நாவலின் மிகச் சிறந்த பக்கங்கள் என்பேன். ஆனால் அவை சீக்கிரம் முடிந்துவிடுகின்றன. தந்தையின் குற்றம் வெளியே வருகிறது, பின்னாலேயே கேரன் யார் என்ற உண்மை. அந்தத் தந்தை அவள் கண்முன்னேயே தன்னை மாய்த்துக்கொள்கிறார். இவ்வளவு பெரிய கேடுகளுக்கு நடுவே ஹோல்டரின் மறைப்பு சிறுத்துப்போகிறது. அவளுக்குத் தோள் கொடுக்க அவன் ஒருவனே மிஞ்சுகிறான். மன்னிக்க அவளுக்கு நேரம் கிடைக்கவில்லை. மன்னித்தாகவேண்டிய நிலைக்குக் கதை அவளைக் கொண்டுவந்துவிடுகிறது. பெரிய வில்லனைக் கொண்டுவந்து சின்னப் பொய்யைக் கழுவும் இந்த உத்தியை இந்த வகை நாவல்களில் திரும்பத் திரும்பப் பார்க்கலாம்.

2013-இல் 'லூசிங் ஹோப்' வந்தது. அதே நிகழ்ச்சிகள், இம்முறை ஹோல்டரின் வாயால். இறந்த சகோதரிக்கு அவன் எழுதும் கடிதங்களும் இடையிடையே வருகின்றன. பாக் சொன்ன இரண்டு பார்வைகளில், பொய் சொன்னவரின் பார்வைக்கு ஒரு முழு நாவலே கிடைத்தது. வாசகர்கள் அதை விரும்பினார்கள், காரணமும் புரிகிறது. அவனுடைய துயரம் உண்மையானது, எழுத்தில் உயிர் இருக்கிறது. இருந்தாலும் கணக்கைப் பார்க்கவேண்டும். ஏமாந்தவளின் சினத்துக்குச் சில பக்கங்கள், ஏமாற்றியவனின் காரணங்களுக்கு ஒரு புத்தகம். 2015-இல் வந்த ஹூவரின் 'நவம்பர் 9' நாவலில் இது இன்னும் அப்பட்டம். ஃபாலனின் உடலைத் தழும்பாக்கிய தீயை வைத்தவன் பென். அதை மறைத்துத்தான் அவளோடு ஆண்டுக்கு ஒருநாள் பழகுகிறான். அவள் உண்மையை அறிவது அவன் எழுதிவைத்த கையெழுத்துப் பிரதியைப் படித்து. அவள் மனம் இளகுவதும் அதே பிரதியை முழுதாகப் படித்த பிறகு. அங்கே தீர்ப்பு எழுதும் தாள்கூடக் குற்றவாளியிடமிருந்தே வருகிறது.

சிறுவயதுக் காதலின் மேல் இவ்வளவு நம்பிக்கை எங்கிருந்து வந்தது? சேர்ந்து வளர்ந்தவர்களிடையே ஈர்ப்பு குன்றும் என்று எட்வர்ட் வெஸ்டர்மார்க் 1891-இலேயே எழுதினார். இஸ்ரேலியக் கூட்டுப்பண்ணைகளான கிப்புத்ஸுகளில் நடந்த 2,769 திருமணங்களை ஜோசஃப் ஷெஃபர் ஆராய்ந்து 1971-இல் வெளியிட்டபோது, ஒரே குழந்தைக் குழுவைச் சேர்ந்தவர்கள் மணந்துகொண்டவை வெறும் 14. அந்த 14 ஜோடிகளில் ஒன்றுகூட முதல் ஆறு ஆண்டுகள் முழுவதும் சேர்ந்து வளர்ந்ததல்ல. மாமன் மகளையும் அத்தை மகனையும் மணமுடித்துப் பழகிய நமக்கு இது வியப்பாக இருக்கலாம். ஆனால் நம்மிடமும் முறைப்பிள்ளைகள் வேறு வேறு கூரையின் கீழ் வளர்ந்து, திருவிழாவுக்கும் விடுமுறைக்கும் கூடியவர்கள்தான். காதல் நாவலாசிரியர்கள் இந்த எல்லையை ஆய்வு படிக்காமலே மதிக்கிறார்கள். ஹோப் பக்கத்து வீட்டுப் பெண், 5 வயதில் பிரிந்தவள். பிரிவு இல்லாமல் இந்தக் கதைகள் பிறப்பதில்லை. பிரிவு இருப்பதால்தான் ஒருவருக்குத் தெரிந்து மற்றவருக்குத் தெரியாத காலம் ஒன்று உண்டாகிறது. ஈர்ப்பும் பொய்யும் முளைப்பது அந்த ஒரே இடைவெளியில்.

பழைய நாவல்கள் இதை வேறு மாதிரி எழுதின. 1860 டிசம்பர் முதல் 1861 ஆகஸ்ட் வரை சார்லஸ் டிக்கன்ஸ் தொடராக எழுதிய 'கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்' நாவலில் பிப், சிறுவனாக இருக்கும்போதே எஸ்டெல்லாவிடம் மனத்தைப் பறிகொடுக்கிறான். ஆண்களின் மனத்தை உடைப்பதற்கென்றே வளர்க்கப்பட்டவள் அவள். வளர்ந்த பிறகு, மற்றவர்களுக்குக் கொடுக்கும் பார்வையும் புன்னகையும் தனக்கு ஏன் இல்லை என்று அவன் குறைப்படும்போது, தன்னையும் ஏமாற்றவேண்டும் என்கிறாயா என்று அவள் திருப்பிக் கேட்கிறாள். அவள் எல்லாரையும் வலையில் சிக்கவைக்கிறாள், அவனைத் தவிர. சிறுவயதுப் பழக்கத்துக்கு அவள் செலுத்தும் ஒரே மரியாதை, அவனிடம் பொய் சொல்லாமல் இருப்பது. அன்பில்லாதவள் உண்மை பேசுகிறாள். ஹூவரின் உலகத்தில் அன்புள்ளவன் பொய் சொல்கிறான், அன்பே அந்தப் பொய்க்கு உரிமம் ஆகிறது. ஒன்றரை நூற்றாண்டில் இந்தப் பாத்திரம் இப்படிப் புரண்டுவிட்டது.

அந்த நாவலின் முடிவையும் நினைக்கவேண்டும். டிக்கன்ஸ் முதலில் எழுதியது இருவரும் பிரிந்துபோகும் முடிவு. நண்பர் புல்வர் லிட்டன் சொன்னதால் அச்சுக்கு முன் மாற்றி, சேரக்கூடும் என்ற குறிப்போடு முடித்தார். வாசகருக்காக ஆசிரியர் இரங்கிய இடம் அது. இன்றைய காதல் நாவலில் அந்த இரக்கம் விதியாகிவிட்டது. 1980-இல் தொடங்கிய அமெரிக்கக் காதல் புனைகதை எழுத்தாளர் சங்கம் இந்த வகைக்கு இரண்டு அடிப்படைகளை வகுத்தது: காதலே கதையின் நடு, முடிவு நம்பிக்கையூட்டும் நிறைவு. இந்த இரண்டாவது விதியைக் குறை சொல்ல எனக்கு விருப்பமில்லை. கொடுமையை அனுபவித்த வாசகர்கள் ஸ்கையை நெஞ்சில் வைத்துக்கொண்டதற்கு, அவள் மீண்டும் வாழ்கிறாள் என்பது முக்கியக் காரணம். ஆனால் முடிவு முன்பே நிச்சயமாகிவிட்ட கதையில் மன்னிப்பு வழங்கலாமா என்ற கேள்விக்கு எடை குறைகிறது. அந்த எடையை ஆசிரியர் வேறு வழியில் ஈட்டவேண்டும்.

ஈட்ட முயன்ற நாவல் ஒன்று உண்டு. கனடாவின் கார்லி ஃபார்ச்சூன் 2022-இல் எழுதிய 'எவ்ரி சம்மர் ஆஃப்டர்'. ஒன்டாரியோவின் பேரிஸ் பே ஏரிக்கரையில் பெர்ஸியும் சாமும் 13 வயதில் சந்திக்கிறார்கள். ஆறு கோடைகள் கழிகின்றன. இங்கே மறைப்பவள் பெண். சாம் தொலைவில் படித்துக்கொண்டிருந்த காலத்தில் அவனுடைய அண்ணன் சார்லியோடு அவளுக்கு ஓர் இரவு நேர்ந்துவிடுகிறது. சாம் திரும்பி வந்து திருமணம் செய்துகொள்ளக் கேட்கும்போது, உண்மையைச் சொல்லவும் முடியாமல் பொய்யின் மேல் வீடு கட்டவும் மனமில்லாமல், காரணம் சொல்லாமலே மறுத்துவிட்டுப் போகிறாள். 12 ஆண்டுகள். சாமின் தாயின் இறுதிச் சடங்குக்கு வரும்போது அவளுக்கு 30 வயது. அந்த 12 ஆண்டுகள் ஹோல்டருக்கு இல்லாத ஒன்றை அவளுக்குக் கொடுக்கின்றன. பொய்யின் மறைவில் அவனுடைய காதலை அவள் தொடர்ந்து அனுபவிக்கவில்லை. இழப்பை முன்கூட்டியே ஏற்றுக்கொண்டாள். அவள் வாய் திறந்து சொல்லும்போது கிடைக்கும் பதில்தான் நாவலின் உச்சம்: சாமுக்கு அது பல ஆண்டுகளாகத் தெரியும். அண்ணனே சொல்லிவிட்டான்.

இந்தத் திருப்பம் என்னை உலுக்கியது. மறைத்தவள் அவள் என்று நினைத்திருந்தோம். தெரிந்தும் தெரியாதவனாக, இறுதிச் சடங்குக்கு அவள் வந்திருந்த நாள்களில் அவளோடு பழகியவன் அவன். அறிவு எந்தப் பக்கம் இருக்கிறது என்பது ஒரு வாக்கியத்தில் இடம் மாறுகிறது. இந்த இடத்தில் நாவல் இன்னும் தங்கியிருக்கலாம். அண்ணனோடு ஒரே குடும்பத்தில் இருந்துகொண்டு அதைத் தெரிந்துவைத்திருந்த ஆண்டுகள் சாமுக்கு எப்படிக் கழிந்தன? அவளுக்கு ஏன் அவன் ஒரு கடிதம் எழுதவில்லை? புத்தகம் முழுவதையும் சொல்பவள் பெர்ஸி, அதாவது மறைத்தவள். ஆகவே சாமின் ஆண்டுகள் அவன் சொல்லும் சில வாக்கியங்களில் அடங்கிவிடுகின்றன. ஸ்கைக்கும் ஃபாலனுக்கும் கதை சொல்லும் குரலாவது இருந்தது. ஏமாந்த சாமுக்கு அதுவும் இல்லை.

பொய் வெளிப்பட்ட மறுநாள் முதல், யாரும் இறக்காமல், வேறு வில்லன் வராமல், ஏமாந்தவர் சமையலறையில் உட்கார்ந்து பழைய மாதங்களை ஒவ்வொன்றாக எடுத்து 'அன்றைக்கு உனக்குத் தெரியுமா, தெரியாதா?' என்று கேட்கும் அத்தியாயங்களை இந்த வகையில் நான் இன்னும் படிக்கவில்லை. அவை எழுதப்படவேண்டும். ஸ்கை கேட்டிருக்க வேண்டிய கேள்விகள் பல இருந்தன: மளிகைக் கடை வாசலில் என் அட்டையை வாங்கிப் பார்த்தபோது என்ன நினைத்தாய்? முதல் முத்தத்தின்போது உனக்குத் தெரிந்திருந்தது எவ்வளவு? நான் சொல்லாமலே என் பயங்களை நீ ஊகித்தபோது, அது அன்பா, முன்பே அறிந்திருந்ததா? ஹோல்டர் பதில் சொல்லக்கூடியவன்தான். அவனுக்கு ஒரு முழுப் புத்தகம் கொடுத்த ஆசிரியர், இந்தக் கேள்விகளைக் கேட்க அவளுக்கு ஓர் இரவாவது கொடுத்திருக்கலாம்.